யாரும் கீழே போடாத அண்டா

இந்தப் பதிவு துப்பாக்கித் தோட்டாவில் ஆரம்பிக்கும். பாதியில் ஓடிவிடாதீர்கள். முடிவது எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவில். நடுவில் கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் உலோகம், நிறைய குதிரை மூத்திரம் :-)

புனேயில் எனக்கு வேலை தகட்டோடு. தட்டையான தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணமாகவும் குழலாகவும் இழுக்கிற பிரஸ் ஷாப். சில மாதங்களுக்கு முன் கூட வேலை பார்க்கும் பையன் ஒருவன் மதியச் சாப்பாட்டின்போது ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் ஒரு பெரியவர், இரண்டாம் உலகப் போர்க்கால எம்1 கரண்ட் துப்பாக்கிக்காக, சுட்டு முடித்த காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கி வந்து மறுபடி நிரப்புகிறார். அங்கே பலருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. ஒவ்வொரு உறையையும் எண்ணெய் தடவி, ஒரு கையழுத்தியில் வைத்து, எஃகு அச்சுக்குள் முழுசாக நுழைத்து எடுக்கிறார். "சுட்டது அதே துப்பாக்கியில்தானே சார்? அதே துப்பாக்கிக்குள் போவதற்கு எதற்கு மறுபடி அளவு குறைக்க வேண்டும்?" என்று பையன் கேட்டான்.

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்துத்தான் நான் எங்கெங்கோ போய்விட்டேன்.

தோட்டா உறை என்பது மருந்தை வைத்திருக்கும் டப்பா மட்டும் இல்லை. வெடிக்கும் கணத்தில் அது ஒரு வாஷரும்கூட. கரண்டில் போடும் தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 பவுண்டு. காரின் டயரில் நாம் அடிப்பது முப்பது சொச்சம். அந்த அழுத்தத்தில் பித்தளை உறை பலூன் மாதிரி உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பின்பக்கம் வாயு கசியாமல் அடைக்கிறது. குண்டு வெளியே போய் அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்குகிறது. அந்தக் கொஞ்சத்தால்தான் அதை வெளியே இழுக்க முடிகிறது. சுருங்காத உலோகமாக இருந்தால் உள்ளேயே கவ்விக்கொண்டு நிற்கும். விரியவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், கிழியவும் கூடாது. நூறு வருஷத்துக்கு மேலாக இதற்குப் பித்தளையே முதல் தேர்வாக இருப்பது அதனால்தான். நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளைக்கு 'தோட்டாப் பித்தளை' என்றே பெயர்.

ஆனால் சுருங்கிய பிறகும் உறை பழைய அளவுக்கு வராது. ஒரு மயிரிழை பெரிதாகவே நிற்கும். கையால் போல்ட்டைத் திருகி மூடும் துப்பாக்கியாக இருந்தால் பரவாயில்லை, கை பலத்தில் அமுங்கிவிடும். கரண்ட் அப்படி இல்லை. ஜான் கரண்ட் வடிவமைத்து 1936ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அரைத் தானியங்கி அது. ஒரு கிளிப்பில் 8 தோட்டா. சுட்டதும் வாயுவின் விசையிலேயே பழைய உறையைத் துப்பிவிட்டு அடுத்ததை ஒரு ஸ்பிரிங் தள்ளி ஏற்றுகிறது. ஸ்பிரிங்குக்கு மனுஷக் கையின் பலமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. உறை கொஞ்சம் தடித்திருந்தால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் அந்தப் பெரியவர் கழுத்திலிருந்து அடி வரைக்கும் முழுசாக அளவு குறைக்கிறார். ரொம்பவும் குறைத்துவிட்டாலும் ஆபத்து. சுடும்போதெல்லாம் உறை நீளவாக்கில் இழுபட்டு, நாலைந்து தடவையில் அடிப்பக்கம் தனியாகக் கழன்றுவிடும்.

பையன் விடவில்லை. "அப்படியென்றால் ஒரு உறையை எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்கலாமா?"

முடியாது. ஒவ்வொரு விரிதலுக்கும் ஒவ்வொரு அமுக்கலுக்கும் பித்தளை கொஞ்சம் இறுகும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மாற்றி மாற்றி மடக்கிப் பாருங்கள், முதலில் இறுகும், அப்புறம் ஒடியும். நம்ம ஊர் பாத்திரப் பட்டறையில் இது எல்லோருக்கும் தெரியும். தட்டிக்கொண்டே இருக்க மாட்டார்கள். நடுநடுவே காய்ச்சி ஆறவிட்டு, உலோகம் இளகிய பிறகுதான் மறுபடி தட்டுவார்கள். தொழிற்சாலையில் தோட்டா உறை செய்வதும் அதே வித்தைதான். வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, பல கட்டமாக இழுத்து நீளமாக்கி, கட்டத்துக்குக் கட்டம் காய்ச்சி எடுப்பார்கள். அடிப்பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும், அதனால் அங்கே கடைசிச் சூடு காட்டுவதில்லை. கழுத்து மட்டும் இளக வேண்டும், அதனால் கழுத்தில் மட்டும் தீ. அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் தெரியும். அழுக்கு இல்லை, தீ பட்ட அடையாளம்.

சரி, இந்தக் கழுத்துச் சூட்டுக்குப் பின்னால் ஒரு இந்தியக் கதை இருக்கிறது. நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

இந்தியாவில் தோட்டா என்றால் நமக்கு 1857தான் ஞாபகம் வரும். அப்போது வந்த என்ஃபீல்டு துப்பாக்கிக்குக் காகிதத் தோட்டா. கொழுப்பு தடவிய காகித முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு டம்டமில் ஆரம்பித்து, மார்ச் 29ல் பாரக்பூரில் மங்கள் பாண்டேயாக வெடித்து, மே 10ல் மீரட்டில் பெரும் கிளர்ச்சியானது. அதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. ஆனால் பற்றவைத்த குச்சி ஒரு தோட்டா உறைதான்.

அடுத்த பத்து வருஷத்தில் காகிதம் போய்ப் பித்தளை வந்தது. முதலில் வந்தது உறையே இல்லை, சுருள்தான். மெல்லிய பித்தளைத் தகட்டைக் காகிதம் மாதிரி சுருட்டி, இரும்பு அடி வைத்துச் செய்தது. வுல்விச் ஆயுதசாலையின் எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்தது. 1871ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியிலும் அதே சுருள்தான் போனது. 1884-85ல் சூடான் போரில், சூடேறிய துப்பாக்கிக்குள் அந்தச் சுருள் கிழிந்தும் ஒட்டிக்கொண்டும் பல பேர் கையைக் கட்டிப்போட்டது. அதன்பிறகுதான் ஒரே துண்டாக இழுத்துச் செய்த கெட்டி உறைக்கு முழுதாக மாறினார்கள். 1880களின் கடைசியில் வந்த .303 தோட்டா அப்படிப்பட்டது. நம் நாட்டுப் போலீஸ்காரர்கள் தோளில் நாம் சின்ன வயதில் பார்த்த அதே 'த்ரீ நாட் த்ரீ'.

அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. தோட்டா செய்யும் தொழிற்சாலை நான் இருக்கும் இதே புனேயில், கட்கியில், 1869ல் வந்தது. அந்தக் காலத்தில் கிர்கி என்பார்கள். .303க்குள் போடும் கார்டைட் மருந்துக்காக 1903ல் நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை. ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷன் பெயரைப் படித்திருப்பீர்கள். 2021 அக்டோபரில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது கட்கியும் அருவங்காடும் ஒரே கம்பெனிக்குள் போயின. அதன் தலைமையிடமும் புனேதான். மருந்து ஒரு மலையில், உறை ஒரு பீடபூமியில் என்று இருந்த உறவு நூறு வருஷம் கழித்துப் பத்திரப்பதிவு ஆன மாதிரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கெட்டிப் பித்தளை உறை வந்த பிறகு, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்கு விளங்காத ஒரு தொல்லை வந்தது. மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் கொண்டுபோய் உள்ளே வைப்பார்கள். பல இடங்களில் அந்த 'உள்ளே' என்பது குதிரை லாயம். மழை முடிந்து வெளியே எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத தோட்டாக்களில் விரிசல். குறிப்பாகக் குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்தில். வைக்கும்போது நன்றாக இருந்தது, எடுக்கும்போது பிளந்திருந்தது. இடையில் யாரும் தட்டவில்லை, சுடவில்லை, கீழே போடவில்லை. பருவத்தோடு வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். நாம் பருவ விரிசல் என்று வைத்துக்கொள்வோம்.

பெயர் வைத்தார்களே தவிரக் காரணம் பிடிபட நாளானது. 1921ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்று மூன்று பேர் முடிச்சை அவிழ்த்தார்கள். குற்றவாளி ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒன்று அம்மோனியா. குதிரை மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றும். லாயத்துக்குள் போனால் மூக்கில் குத்துமே, அதுதான். மழைக்கால ஈரம் பித்தளை மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படியும். அம்மோனியா அதில் கரையும்.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் நினைவிருக்கிறதா? காப்பர் சல்பேட் கரைசலில் அம்மோனியாவைக் கூடுதலாக விட்டால் அழகான ஆழ்ந்த நீலம் வருமே. செம்பை அம்மோனியா அப்படித்தான் கட்டிக்கொண்டு கரைத்து எடுத்துப் போகும்.

ஆனால் அம்மோனியா மட்டும் இருந்தால் மேலே கறை படியும், கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். பிளக்காது. பிளப்பதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். அது பித்தளைக்குள்ளேயே இருக்கிறது. குளிர்ந்த நிலையில் இழுத்து, அமுக்கி, மடித்த உலோகம் வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே விறைத்துக்கொண்டு இருக்கும். ஒரு பக்கம் இழுக்கும், இன்னொரு பக்கம் தள்ளும். இரண்டும் சமமாக இருப்பதால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தையல் இறுக்கமாகப் போட்ட சட்டையைப் போல. எங்கேயாவது ஒரு நூல் அறுந்தால் போதும், அங்கிருந்து தானாகக் கிழியும். அந்த நூலை அறுக்கும் வேலையை அம்மோனியா செய்கிறது. உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையில் இருக்கும் எல்லைக்கோடுகளில் அது நுழைய, உள்ளே இருக்கும் விறைப்பு விரிசலை இழுத்துத் திறக்கும். திறந்த இடத்தில் மறுபடி அம்மோனியா நுழையும்.

மருந்தும் எளிமையானதுதான். கடைசியில் ஒரு தடவை மிதமாகச் சூடு காட்டுவது. 200லிருந்து 300 டிகிரி செல்சியஸ் போதும். உலோகத்தின் பலம் குறையாது, விறைப்பு மட்டும் தளர்ந்துவிடும். அதோடு அம்மோனியா பக்கம் வைக்காமல் இருப்பது. மூன்று பேரும் சொன்னது தோட்டாவோடு நிற்கவில்லை. இழுவிசையும் அரிப்பும் கைகோத்தால் கெட்டி உலோகமும் பிளக்கும் என்பது இன்றைக்குப் பாய்லர், பாலம், விமானம் எல்லாவற்றுக்கும் பொதுவான பாடம். இதனால்தான் அம்மோனியா ஓடும் ஐஸ் பாக்டரிக் குழாய்களில் செம்பும் பித்தளையும் போடுவதில்லை, இரும்புதான். அந்த அமெரிக்கப் பெரியவர்களும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்: காலி உறையை அம்மோனியா கலந்த மெருகுப் பொருளால் துலக்காதே.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் எனக்கு அண்டா ஞாபகம் வந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருந்தது. அப்பாயிக்கு அவர் அம்மா வீட்டில் கொடுத்த சீர். கும்பகோணத்தில் அடித்தது. கல்யாணம், காதுகுத்து என்றால் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். 1984 ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி, மாட்டுக்கொட்டில் பரணில் கவிழ்த்து வைத்தவர் சித்தி. கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கீழே நாலு மாடு, ஒரு கன்று. தை பிறக்கும்போது பொங்கலுக்காக அண்டாவை இறக்கினால், விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

அப்பாயி சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசம். "போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். "இல்லை அத்தை, நான் போடலை" என்றார் சித்தி. "பித்தளை தானா உடையுமா?" என்று அப்பாயி கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. சித்தி அந்தப் பொங்கலுக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அதன்பிறகு அது எங்கள் வீட்டுப் பழமொழி ஆகிவிட்டது. டம்ளர் உடைந்தாலும் சைக்கிள் செயின் அறுந்தாலும் "என்ன, தானா உடைஞ்ச அண்டாவா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். சித்தியும் கூடச் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டார். நாற்பது வருஷம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த விரிசல் மேல் விரலை ஓட்டிப் பார்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. வழவழப்பான பித்தளையில் ஒரு கோடு, அவ்வளவுதான். நெளிவு இல்லை. இதைத்தான் அந்த ராத்திரி யோசித்தேன். பித்தளை அண்டா பரணிலிருந்து விழுந்தால் என்ன ஆகும்? பிளப்பதற்கு முன்னால் நசுங்கும். விழுந்த இடத்தில் ஒரு குழி இருக்கும், விளிம்பு கோணியிருக்கும். மண் பானையா விழுந்ததும் விரிசல் மட்டும் விட? இதில் குழியும் இல்லை, கோணலும் இல்லை. விரிசல் ஆரம்பித்தது விளிம்பில். விளிம்பு என்பது கடைசியாகத் தட்டி மடிக்கிற இடம். மடித்த பிறகு காய்ச்சாமல் விட்டால் விறைப்பெல்லாம் அங்கேதான் நிற்கும். கீழே மாடுகளின் மூத்திரம், மேலே பரணில் கவிழ்த்து வைத்த அண்டா, இரண்டு மாத அடைமழை. வெள்ளைக்காரன் லாயத்தில் வைத்த தோட்டாவுக்கு இருந்த அத்தனையும் எங்கள் கொட்டிலில் இருந்தது.

அண்டா இப்போது இல்லை. அடுத்த வருஷமே பழைய பித்தளை விலைக்குப் போட்டு, சில்வர் வாங்கிவிட்டார்கள். அதனால் மைக்ராஸ்கோப்பில் வைத்து நிரூபிக்க என்னிடம் துண்டு கிடையாது. ஆனால் முப்பது வருஷமாகத் தகடு பிளப்பதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கீழே விழுந்து உடைந்தது இல்லை.

ஊரில் பித்தளைப் பாத்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வார்ப்புக் குத்துவிளக்குக்குப் பயம் குறைவு, செம்புப் பாத்திரத்துக்கும் அப்படியே. தகட்டில் அடித்த பித்தளையை மாட்டுக்கொட்டிலிலும் கோழிக்கூண்டுப் பக்கமும் மழைக்காலத்தில் போட்டு வைக்காதீர்கள். அம்மோனியா வாசனை வரும் துலக்கும் பொருளும் வேண்டாம். புளி போதும். நன்றாகக் கழுவித் துடைத்து வையுங்கள்.

மறுநாள் சித்திக்கு போன் செய்தேன். கரண்ட், கட்கி எதுவும் சொல்லவில்லை. லாயம், மழை, மூத்திரம், விரிசல், இதை மட்டும் சொன்னேன். "சித்தி, நீங்க அன்னைக்குச் சொன்னது சரி. அது தானாத்தான் உடைஞ்சிருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"குதிரை மூத்திரமும் மாட்டு மூத்திரமும் ஒண்ணுதானா தம்பி?" என்று கேட்டார்.

"இந்த விஷயத்துல ஒண்ணுதான் சித்தி."

"உங்க அப்பாயி இருக்கும்போது யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அப்பாயி போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. 1921லேயே அச்சில் வந்த விஷயம், எங்கள் கொட்டிலுக்கு வந்து சேர நூறு வருஷம் ஆகிவிட்டது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகும் முப்பது வருஷம்.

போனை வைக்கும் முன் சொன்னார்: "இதை அப்படியே தமிழ்ல எழுது தம்பி. உங்க சித்தப்பா படிக்கணும். அவருக்கு இங்கிலீஷ்ல அனுப்பினா படிக்க மாட்டார், சாக்குச் சொல்லுவார்."

எழுதியாச்சு சித்தி.